உடலுக்கு வைரஸ் என்றால் வைரஸ்தான்

நான் முதுகலை படித்த காலத்தில் ஏஏவி என்கிற வைரஸுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு முழுப் பத்திகூடக் கிடையாது. பார்வோவைரஸ் குடும்பத்தைப் பற்றிய அத்தியாயத்தின் கடைசியில், மனிதர்களுக்கு நோய் எதையும் தருவதாகத் தெரியவில்லை என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. தேர்வுக்கு வராது என்று எல்லோரும் தாண்டிப் போனோம். வைராலஜிக்கு வருகிறவர்களின் ஆசையெல்லாம் பெரிய பெயர்கள் மீதுதான். ரேபிஸ், போலியோ, எச்ஐவி, டெங்கு. திருடாதவன் வீட்டுக்குப் போலீஸ் எதற்குப் போகப்போகிறது?

படிப்பு முடிந்து நான் சேர்ந்தது ஒரு நோயறியும் ஆய்வகத்தில். மழைக்காலம் வந்தால் டெங்கு, மற்ற நாட்களில் மஞ்சள் காமாலை, வருடம் முழுக்க ரேபிஸ். அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், அது ஆராய்ச்சி மாதிரியே இருக்காது. ரத்தக் குழாய்கள் வரும், சீரம் (ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீர்) பிரிக்க வேண்டும், கிருமியையோ ஆன்டிபாடியையோ கண்டுபிடிக்கும் எலைசா பரிசோதனை போட வேண்டும், மாலைக்குள் ரிப்போர்ட் போக வேண்டும். ஆனால் வைரஸை உடல் எப்படிப் பார்க்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். பின்னாளில், கோளாறான மரபணுவுக்கு ஈடாக நல்ல மரபணுவை உடலுக்குள் கொண்டுபோகும் மரபணு சிகிச்சைக்கு மாறியபோது என்னோடு வந்தது அந்தப் பாடம் ஒன்றுதான். அது மட்டும் போதுமானதாகவும் இருந்தது.

ரேபிஸ் பரிசோதனையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். நாய் கடித்துத் தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் சீரத்தை உயிருள்ள ரேபிஸ் வைரஸோடு கலந்து, அந்தக் கலவையைச் செல்கள் மீது விடுவோம். மறுநாள் ஒளிரும் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். வைரஸ் செல்லுக்குள் போயிருந்தால் பளிச்சென்று பச்சைப் புள்ளிகள் தெரியும். சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் அது வைரஸைச் செல்லுக்குள் போகவிடாமல் மடக்கிவிடும், பார்வைப் பரப்பு இருட்டாக இருக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகைத் தாண்டினால் போதுமான பாதுகாப்பு வந்துவிட்டது என்று கணக்கு. இருட்டைப் பார்த்தால் எங்களுக்கு நிம்மதி. பச்சை தெரிந்தால் அந்த ஆளுக்கு உடனே போன் போகும்.

சரி, ஏஏவிக்கு வருவோம்.

1965-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் அட்சிசன் என்பவரும் கூட இருந்தவர்களும் அடினோவைரஸைச் சுத்தம் செய்து எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வைரஸ்களுக்கு நடுவே குட்டிக் குட்டியாக வேறு என்னவோ இருந்தது. தனியாக விட்டால் அது பெருகவில்லை, அடினோவைரஸ் கூட இருந்தால்தான் பெருகியது. அதனால் பெயரே அடினோவைரஸோடு சேர்ந்திருக்கும் வைரஸ் என்று ஆனது. அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஏஏவி. கொஞ்ச நாளிலேயே குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, நிறையப் பேருக்கு இது வந்துபோயிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். வந்ததுக்கு அடையாளமாக எந்த நோயும் இல்லை. அவ்வளவுதான், ஊர் உலகம் மறந்துவிட்டது. கென்னத் பெர்ன்ஸ் மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் விடாமல் அதன் டிஎன்ஏவைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நினைத்தால் அந்தச் சிலருடைய பொறுமைதான் ஆச்சரியமாக இருக்கிறது. நோய் தராத ஒரு வைரஸுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதை யோசித்துப் பாருங்கள். ஆனால் 1982-இல் ஃபுளோரிடாவில் ஜூட் சாமுல்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் அந்த வைரஸின் மரபுப்பொருளை முழுசாகப் பாக்டீரியப் பிளாஸ்மிடுக்குள், அதாவது பாக்டீரியாவில் இருக்கும் குட்டி டிஎன்ஏ வளையத்துக்குள், வைத்தார்கள். அதற்குப் பிறகு வைரஸை விருப்பம்போல் வெட்டி ஒட்ட முடிந்தது. மொத்தமே சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துகள்தான். இரண்டு முனைகளிலும் 145 எழுத்து நீளத்துக்கு வளைந்து மடிந்த ஒரு பகுதி உண்டு. அந்த இரண்டு முனைகளை மட்டும் விட்டுவிட்டு நடுவில் இருக்கும் வைரஸின் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டு, நமக்கு வேண்டிய மரபணுவை வைக்கலாம். வெளிப்புற உறை வைரஸுடையது, உள்ளே இருப்பது நம்முடையது. 1984-இல் ஹெர்மோனாட்டும் முசிஸ்காவும் இது வேலை செய்கிறது என்று காட்டினார்கள்.

நான் வெளிநாடு போய்ச் சேர்ந்த ஆய்வகம் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. வீட்டில் விளக்கிச் சொன்னபோது அம்மா கேட்டாள், "ஏண்டி, இத்தனை வருஷம் வைரஸ் வராம இருக்க வேலை பார்த்தே. இப்ப அதையே ஊசியில ஏத்தப் போறியா?" ஆமாம் என்றேன். "அது உடம்புக்குள்ள போயி சும்மா இருக்குமா?" என்றாள். அப்போது சிரித்தேன். அந்தத் துறை முப்பது வருடமாகப் பதில் தேடிக்கொண்டிருப்பது அந்தக் கேள்விக்குத்தான்.

வைரஸைத் தயாரிக்கும் வேலை எனக்குப் பிடித்துப்போனது. எச்இகே 293 என்று ஒரு செல் வகை, 1973-இல் நெதர்லாந்தின் லைடனில் உருவாக்கியது. அடினோவைரஸின் ஒரு துண்டு அதற்குள் ஏற்கெனவே இருக்கும். அந்தச் செல்களுக்குள் மூன்று பிளாஸ்மிடுகளை ஒரே நேரத்தில் செலுத்துவோம்: நமக்கு வேண்டிய மரபணு ஒன்றில், உறை கட்டுவதற்கான ஏஏவி மரபணுக்கள் ஒன்றில், அடினோவைரஸிடம் கடன் வாங்கிய துணை மரபணுக்கள் ஒன்றில். மூன்று நாள் கழித்துச் செல்களை உடைத்து, சீசியம் குளோரைடு கரைசலோடு குழாயில் ஊற்றி, அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் சுழலவிட்டுப் போய்விடலாம். திரும்பி வந்து குழாயை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால், தெளிந்த திரவத்துக்கு நடுவே லேசான நீலம் கலந்த வெள்ளையில் இரண்டு கோடுகள் தெரியும். மேல் கோடு காலி உறைகள். கீழே இருப்பதுதான் சரக்கு. குழாயின் பக்கவாட்டில் ஊசியைக் குத்தி, கீழ்க்கோட்டை மட்டும் மெதுவாக உறிஞ்ச வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் இரண்டும் கலந்துவிடும். மேல் கோடு பெரும்பாலும் கீழ்க்கோட்டைவிடத் தடிமனாக இருக்கும் என்பது இந்தத் தொழிலின் பெரிய எரிச்சல். காலி உறை நோயாளிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆனால் அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அதுவும் முழு வைரஸ்தான்.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும், ஏனென்றால் வைரஸை மருந்தாக்கும் எண்ணம் ஏஏவியோடு தொடங்கியதல்ல. ஸ்டான்ஃபீல்ட் ராஜர்ஸ் என்று ஒருவர், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் முயல்களுக்கு மருக்களை உண்டாக்கும் ஷோப் பாப்பிலோமா வைரஸோடு வேலை செய்தவர். அந்த வைரஸோடு பழகிய ஆய்வகப் பணியாளர்களின் ரத்தத்தில் ஆர்ஜினின் என்கிற அமினோ அமிலம் குறைவாக இருப்பதைக் கவனித்தார். ஆர்ஜினினை உடைக்கும் ஆர்ஜினேஸ் நொதியை வைரஸ்தான் உடலுக்குத் தருகிறது என்று முடிவுகட்டினார். ஜெர்மனியில் ஆர்ஜினின் கூடிப்போய் மூளை பாதிக்கப்பட்ட சகோதரிகள் இருப்பதாகத் தெரிந்ததும், 1970களின் தொடக்கத்தில் அவர்களுக்கு அந்த வைரஸை ஊசியாகவே போட்டார்கள். ஒரு பலனும் இல்லை. பின்னாளில் பார்த்தால் அந்த வைரஸில் ஆர்ஜினேஸுக்கான மரபணுவே கிடையாது. இந்தக் கதையை வரலாற்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அவர் மேல் கோபமும் உண்டு, மரியாதையும் உண்டு. குழந்தைகள் மேல் அவ்வளவு அவசரமாகக் கை வைத்தது தவறு. ஆனால் நோய்க்கிருமியோடு வருடக்கணக்கில் பழகிய ஒரு ஆளுக்குத்தான், இதை வேறு எதற்காவது பயன்படுத்தலாமா என்று தோன்றும்.

அப்புறம் 1999. ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்கிற 18 வயதுப் பையன், அரிசோனாவைச் சேர்ந்தவன். ஓடிசி என்கிற கல்லீரல் நொதியில் குறைபாடு. உணவுக் கட்டுப்பாடும் மருந்துமாக ஓரளவு நன்றாகவே இருந்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் வில்சன் தலைமையில் நடந்த சோதனையில், தன்னைப் போன்ற குழந்தைகளுக்கு உதவட்டும் என்று தானாக முன்வந்து சேர்ந்தான். செப்டம்பர் 13 அன்று திருத்திய அடினோவைரஸைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தினார்கள். 17 அன்று இறந்துபோனான். உள்ளே இருந்த மரபணு அவனைக் கொல்லவில்லை. வெளியுறையைப் பார்த்து அவன் உடல் காட்டிய எதிர்வினைதான் கொன்றது.

இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் அந்தத் தேதியைத் தாண்டி எதையும் பேச முடியாது. முறையான ஒப்புதல், பக்கவிளைவுகளை மறைத்தது, நிறுவனப் பங்குகள் என்று நிறைய எழுதியாகிவிட்டது, எல்லாமே எழுதப்பட வேண்டியவைதான். நான் அதை ஒரு நோயறியும் ஆய்வகத்து ஆளாகப் படித்தேன். எனக்குத் தோன்றியது இதுதான்: மருந்து கொண்டு போகிறோம் என்பது நமக்குத் தெரியும். உடலுக்குத் தெரியாது. உடல் பார்ப்பது வைரஸை. அடினோவைரஸ் ஒரு சளிக்காய்ச்சல் கிருமி, கோடிக்கணக்கான பேர் உடலுக்கு அதன் முகம் ஏற்கெனவே தெரியும்.

அதன் பிறகுதான் எல்லோரும் ஏஏவி பக்கம் திரும்பினார்கள். நோய் தராத வைரஸ், அதனால் உடலும் கண்டுகொள்ளாது என்பது எதிர்பார்ப்பு. எலிகளில் அப்படித்தான் நடந்தது, நாய்களிலும் நடந்தது. மனிதர்களில் நடக்கவில்லை. 2006-இல் காத்தரின் ஹை குழுவினர் வெளியிட்ட முடிவு எங்களுக்கெல்லாம் பாடம். ஹீமோஃபீலியா என்பது ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்; அதில் பி வகை உள்ள ஒருவருக்கு, ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 9 என்கிற புரதத்தின் மரபணுவை ஏஏவி வழியாகக் கொடுத்தார்கள். ரத்தத்தில் அந்தப் புரதம் இயல்பில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறியது. கொண்டாட வேண்டிய எண் அது. சில வாரங்களில், கல்லீரல் செல்கள் சேதமானால் ரத்தத்தில் கூடும் நொதிகள் உயர்ந்தன, ஃபேக்டர் 9 பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. செல்லுக்குள் போன வைரஸ் உறையின் துண்டுகளை, தொற்றிய செல்களைக் கொல்லும் வெள்ளை அணுக்களான டி செல்கள் அடையாளம் கண்டு, அந்தக் கல்லீரல் செல்களையே அழித்துவிட்டன. அதற்குப் பிறகு, நொதி ஏறத் தொடங்கியதும் எதிர்ப்பை அடக்க ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கமாயிற்று. 2011-இல் வெளியான, லண்டனில் ஆறு பேருக்குச் செய்த சோதனையின் பலன் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெற்றிகளையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நியாயமில்லை. 2017 டிசம்பரில் ஒரு வகைப் பரம்பரைப் பார்வையிழப்புக்கான லக்ஸ்டர்னாவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2019 மே மாதம், தண்டுவடத் தசைச் சிதைவுக்கான சோல்ஜென்ஸ்மா வந்தது. நம் ஊரில் "16 கோடி ஊசி" என்று டிவியில் சொல்வார்களே, அதுதான். அதற்குள் இருப்பது ஏஏவியில் ஒரு வகையான ஏஏவி 9. உட்காரவே முடியாது என்று சொல்லப்பட்ட குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் நடக்கிறார்கள். விலையைப் பற்றிப் பேசினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஒன்று மட்டும்: மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் பெருமைப்படும் அதே நாளில், ஒரு அப்பா செல்போனில் குழந்தை படத்தை அனுப்பி நன்கொடை கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றால், எங்கள் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

இந்தியாவுக்குத் திரும்பி வந்த பிறகு எனக்குக் கிடைத்த வேலை, சிகிச்சைக்கு முன் நோயாளிகளின் ரத்தத்தில் ஏஏவிக்கு ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பது. பச்சை ஒளி தரும் மரபணுவை ஏஏவிக்குள் வைத்து, நோயாளியின் சீரத்தோடு கலந்து, செல்கள் மீது விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அச்சு அசலாக ரேபிஸ் பரிசோதனையேதான். ஒரே வித்தியாசம், இப்போது இருட்டு கெட்ட செய்தி. ஆன்டிபாடி இருந்தால் ஊசியில் போகும் வைரஸ் கல்லீரலைத் தொடுவதற்கு முன்பே மடங்கிவிடும், மருந்து வீண். அந்த நோயாளியைச் சேர்க்க முடியாது. நெருக்கமாக வாழும் நம் நாட்டில் சின்ன வயதிலேயே இந்த வைரஸ் பலரைத் தொட்டுப் போய்விடுகிறது. நான் பார்த்த தட்டுகளில் இருட்டான குழிகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

ஹீமோஃபீலியா உள்ள ஒரு இளைஞருடைய அண்ணன் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆன்டிபாடி இருந்தா நல்லதுதானே மேடம்? கொரோனா அப்போ எல்லாரும் அப்படித்தானே சொன்னாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். எந்தச் சளியோடோ இருமலோடோ வந்து சத்தமில்லாமல் போன ஒரு வைரஸ், இருபது வருடம் கழித்துத் தம்பியின் சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். "அப்ப வேற வைரஸ் வச்சுப் பண்ணக்கூடாதா?" என்றார்.

பண்ணலாம். பண்ணியிருக்கிறார்கள், நம் பக்கத்திலேயே. அந்தக் கதை 1986-இல் தொடங்குகிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் பேராசிரியர், செல்லப்பன் நிர்மலா அவருடைய மாணவி. எய்ட்ஸ் எல்லாம் மேற்கத்திய நாட்டுச் சமாச்சாரம், இங்கே வராது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். வைக்க இடமில்லாமல் சீரத்தைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சிஎம்சிக்கு, ஜேக்கப் ஜானின் வைராலஜித் துறைக்குக் கொண்டுபோனார். அங்கே எலைசாவில் சில மாதிரிகள் பாசிட்டிவ் வந்தன. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது அப்படித்தான்.

அதே காலத்தில் ஹீமோஃபீலியா உள்ளவர்களுக்கு உலகம் முழுக்க நடந்தது பெரிய கொடுமை. ரத்தம் உறைவதற்கான ஃபேக்டர் 8, ஆயிரக்கணக்கானவர்கள் தானம் செய்த பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து தயாரிக்கப்பட்டது. அதில் எச்ஐவி கலந்திருந்தது. அமெரிக்காவில் மட்டும் ஹீமோஃபீலியா உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தொற்று வந்தது. உயிர் காக்க ஏற்றிக்கொண்ட மருந்திலேயே அது வந்தது.

2024 டிசம்பரில் அதே வேலூர் சிஎம்சியிலிருந்து, அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில், ஹீமோஃபீலியா ஏ சிகிச்சை பற்றிய முடிவுகள் வெளிவந்தன. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களை எடுத்து, ஃபேக்டர் 8 மரபணுவை ஆய்வகத்தில் அவற்றுக்குள் செலுத்தி, திரும்ப ஏற்றினார்கள். மரபணுவைச் சுமந்து போனது லென்டிவைரஸ். அதாவது எச்ஐவியிலிருந்து, பெருகும் சக்தியை எடுத்துவிட்டுச் செய்த வெக்டர், மரபணுவைச் சுமக்கும் வண்டி. 22 வயது முதல் 41 வயது வரை ஐந்து பேர். எல்லோரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பு. ரத்தக்கசிவு பூஜ்யம்.

இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு தலைமுறை ஹீமோஃபீலியா நோயாளிகளைக் கொன்ற வைரஸ், அடுத்த தலைமுறைக்கு அவர்களிடம் இல்லாத மரபணுவைக் கொண்டுவந்திருக்கிறது. அதுவும் அந்த வைரஸை இந்தியாவில் முதலில் அடையாளம் கண்ட வளாகத்தில். பத்திரிகைகள் முதல் சாதனை என்று போட்டுவிட்டுப் போய்விட்டன. இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பேசவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

வைராலஜிக்காரராகப் பார்த்தால் இதில் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. வைரஸ் உடலுக்குள் போகவே இல்லை. அது செல்லைச் சந்திப்பது வெளியே, ஒரு பையில். அதனால் ரத்தத்தில் என்ன ஆன்டிபாடி இருந்தாலும் கவலையில்லை. விலை வேறு வகையில் கொடுக்க வேண்டும்: புதிய செல்களுக்கு எலும்பு மஜ்ஜையில் இடம் உண்டாக்கக் கீமோதெரபி தேவை. லென்டிவைரஸ் மரபணுவைக் குரோமோசோமுக்குள் நிரந்தரமாகச் செருகுகிறது, எங்கே செருகுகிறது என்பது நம் கையில் இல்லை. வேறொரு நோய்க்கான லென்டிவைரஸ் சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் சம்பந்தமான கோளாறுகள் வந்தது 2024-இல்தான் விரிவாக வெளியானது. அங்கே பயன்படுத்திய வெக்டரின் அமைப்பு வேறு, மரபணுவை இயக்க அதில் வைத்திருந்த வீரியமான தூண்டி வேறு. இருந்தாலும் வேலூரின் ஐந்து பேரையும் நீண்ட காலம் கண்காணிக்க வேண்டும். கண்காணிப்பார்கள்.

ஏஏவியும் சாதுவாகவே இருந்துவிடவில்லை. தசை நோய் ஒன்றுக்கு மிக அதிக டோஸ் கொடுத்த ஒரு சோதனையில், 2020-லும் 2021-லுமாக நான்கு சிறுவர்கள் கல்லீரல் பாதித்து இறந்தார்கள். 2022-இல் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் காரணம் தெரியாமல் குழந்தைகளுக்குக் கடுமையான கல்லீரல் அழற்சி வந்தது. சிலருக்குக் கல்லீரல் மாற்ற வேண்டியதாயிற்று. தேடிப் பார்த்தபோது பெரும்பாலானவர்களிடம் கிடைத்தது ஏஏவி 2, சிகிச்சைக்குக் கொடுத்ததல்ல, இயற்கையாகத் தொற்றியது. கூடவே அடினோவைரஸோ, ஒரு வகை ஹெர்பிஸ் வைரஸோ இருந்தது. ஏஏவிதான் நேரடிக் காரணமா, மற்ற வைரஸ்களோடும் ஒரு குறிப்பிட்ட மரபணு அமைப்போடும் சேர்ந்ததால் வந்ததா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. என் பாடப்புத்தகத்தின் அந்த ஒற்றை வரியை இனி யாரும் அப்படியே அச்சிட முடியாது.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது இரண்டாவது டோஸ் சம்பந்தமான வேலை. ஏஏவியை ஒருவருக்கு ஒருமுறைதான் கொடுக்க முடிகிறது, அதற்குப் பிறகு ஆன்டிபாடி எக்கச்சக்கமாக ஏறிவிடும். குழந்தையின் கல்லீரல் வளரும், செல்கள் பிரியும், உள்ளே வைத்த மரபணு நீர்த்துப்போகும். மறுபடி கொடுக்க வழியில்லை. இதற்கு ஒரு யுக்தி, தொண்டைப் புண்ணுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவிடம் இருக்கிறது. நம் ஆன்டிபாடிகளை வெட்டிப்போட அது ஒரு நொதியைச் சுரக்கிறது. அந்த நொதியைச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். ஏஏவிக்கு முன்னால் அதைக் கொடுத்தால் வைரஸ் உள்ளே போகிறது என்று 2020-இல் விலங்குகளில் காட்டினார்கள். ஊசி போட்ட சில மணி நேரத்தில் ரத்தத்தில் அதிகம் இருக்கும் ஐஜிஜி வகை ஆன்டிபாடிகள் துண்டாகிவிடும், சில நாட்களில் உடல் புதிதாகத் தயாரித்துவிடும். அந்த இடைவெளிக்குள் வைரஸைக் கொடுத்து முடிக்க வேண்டும். இயற்கையாக வந்த தொற்றால் இருக்கும் ஆன்டிபாடிக்கு இது போதும் போலிருக்கிறது. முதல் டோஸுக்குப் பிறகு ஏறும் அளவுக்கும் போதுமா என்பதுதான் இப்போது எங்கள் கேள்வி. ரேபிஸ் காலத்தில் என்னோடு இருந்த தோழிக்குப் போன் செய்து, ஆன்டிபாடியை எப்படி ஒழிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "உனக்குப் பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு, பேப்பரை அனுப்பச் சொன்னாள்.